தடைகளால் வளர்ந்த ஆட்டம்

மேஜிக் தி கேதரிங் என்ற அட்டை ஆட்டம் 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, ஒரே அட்டையை ஒருவர் தன் கட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கட்டில் 40 அட்டைக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சேர்மானக் கணக்கு அவருடைய துறை. அப்படிப்பட்டவர் வரம்பு வைக்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. ஒருவர் 60 அட்டை கொண்ட தொடக்கப் பெட்டி ஒன்று வாங்குவார், 15 அட்டை கொண்ட பாக்கெட் சில வாங்குவார், மிச்சத்தை நண்பர்களோடு மாற்றிக்கொள்வார் என்று அவர் எதிர்பார்த்தார். வலிமையான அட்டைகள் ஊருக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். கையில் இருப்பதை வைத்துத்தான் கட்டு அமையும். சட்டம் வைக்காத வரம்பைத் தட்டுப்பாடே வைத்துவிடும் என்பதுதான் அவருடைய கணக்கு.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டுதான். இதில் ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே தொகுத்துக் கொண்டுவருவார். நில அட்டைகள் மானா என்ற சக்தியைத் தரும். அதைச் செலவழித்து உயிரினங்களையும் மந்திரங்களையும் இறக்க வேண்டும். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். தொடக்கத்தில் ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளி. அது தீர்ந்தால் ஆள் வெளியே. ஆட்டத்தில் பாதி மேசைக்கு வருவதற்கு முன்பே, வீட்டில் அட்டைகளைப் பரப்பி வைத்து எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யோசிக்கும்போதே நடந்து முடிந்துவிடும்.

ஆல்ஃபா என்று இன்று அழைக்கப்படும் முதல் அச்சில் மொத்தம் 26 லட்சம் அட்டைகள் வந்தன. வந்த வேகத்தில் தீர்ந்தன. அடுத்தடுத்த அச்சுகளும் தீர்ந்தன. பெட்டி பெட்டியாக வாங்குபவர்கள் வந்தார்கள், கார்ஃபீல்ட் நம்பிய தட்டுப்பாடு உடைந்தது. ‘பிளாக் லோட்டஸ்’ அட்டைக்குச் செலவே இல்லை. அதைத் தியாகம் செய்தால் மூன்று மானா கிடைக்கும். அப்படிப்பட்டதை எட்டு, பத்து என்று அடுக்கிய கட்டுக்கு முன்னால், எதிரில் இருப்பவர் தம் முதல் அட்டையை எடுப்பதற்குள் தோற்றுவிடலாம். அதனால் 1994 ஜனவரியில் போட்டிகளுக்கென்று சட்டம் வந்தது: கட்டில் குறைந்தது 60 அட்டை, அடிப்படை நிலங்கள் தவிர எந்த அட்டையும் நான்குக்கு மேல் கூடாது, பிளாக் லோட்டஸ் போன்ற சில அட்டைகள் ஒன்றே ஒன்றுதான். இன்றுவரை இந்த ஆட்டத்தின் போட்டிகள் நிற்பது அந்த நான்கு என்ற எண்ணின் மேல்தான்.

அந்தத் தடை மேலிருந்து வந்தது. இருவர் மோதும் போட்டியை நியாயமாக்க வந்தது. இங்கே நான் எழுத வந்தது இன்னொரு வகைத் தடையின் கதை. பரிசும் நடுவரும் இல்லாமல் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தமக்குத் தாமே போட்டுக்கொண்ட தடை அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆட்டத்தைக் காப்பாற்றி வந்தது இந்த இரண்டாவது வகைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

1994 ஜூனில் ‘லெஜண்ட்ஸ்’ என்ற தொகுப்பு வந்தது. ஒரே அட்டையில் பல நிறங்கள் சேர்ந்தது அதில்தான் முதன்முறை. அதில் ஐந்து முதுபெரும் டிராகன்கள் இருந்தன: நிகோல் போலஸ், குரோமியம், ஆர்கேட்ஸ் சபோத், பல்லாடியா-மோர்ஸ், வேவிக்டிஸ் அஸ்மாடி. ஒவ்வொன்றும் மூன்று நிறம். இறக்க எட்டு மானா. தாக்கும் வலு ஏழு, தாங்கும் வலு ஏழு. இறக்கிய பிறகும் ஒவ்வொரு முறை நம் சுற்று வரும்போதும் மூன்று நிறத்திலும் ஒவ்வொரு மானா கட்ட வேண்டும், கட்டாவிட்டால் டிராகன் போய்விடும். போட்டியில் இவற்றை யார் வைப்பார்? எட்டு மானா சேரும் முன்பே ஆட்டம் முடிந்துவிடும். அந்த அட்டைகள் கண்ணுக்கு விருந்தாக இருந்தன, களத்தில் வேலைக்கு ஆகவில்லை.

அந்த டிராகன்களுக்கு வேலை கொடுத்தவர்கள் அலாஸ்காவில் இருந்தார்கள். 1990-களின் நடுவில் ஆடம் ஸ்டேலி என்பவரும் அவர் நண்பர்களும் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கொரு டிராகன் தலைவன். கட்டில் தலைவனையும் சேர்த்துச் சரியாக 100 அட்டை. அடிப்படை நிலம் தவிர எந்த அட்டையும் இரண்டாவது முறை வரக் கூடாது. தலைவனின் நிறங்களுக்கு வெளியே ஓர் அட்டையும் கூடாது. தலைவன் கட்டுக்குள் இருக்க மாட்டான். வெளியே எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பான், மானா சேர்ந்ததும் இறக்கலாம். இதற்கு எல்டர் டிராகன் ஹைலேண்டர் என்று பெயர் வைத்தார்கள். சாகாவரம் பெற்ற வீரர்களில் கடைசியில் ஒருவன்தான் மிஞ்சலாம் என்று சொல்லும் 1986-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயரிலிருந்து வந்தது ஹைலேண்டர். எந்த அட்டையும் ஒன்றுதான் என்ற விதிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்று கமாண்டர் என்ற பெயரில் உலகெங்கும் ஆடப்படுவது இதுதான். உயிர்ப் புள்ளி 40. ஆனால் ஒரே தலைவனின் அடியில் மட்டும் 21 புள்ளி வாங்கியவர், மீதி எவ்வளவு இருந்தாலும் வெளியேற வேண்டும். புதிதாக ஆட வருபவர்கள் இந்த 21 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஏழு வலுவுள்ள டிராகன் மூன்று முறை அடித்தால் 21. டிராகன் அல்லாத தலைவர்கள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள், அந்த ஐந்து டிராகன்களை மேசையில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது, ஆனால் அவற்றின் மூன்று அடி விதியில் அப்படியே உறைந்திருக்கிறது.

இந்தத் தடை கட்டு தொகுக்கும் வேலையை எப்படி மாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 60 அட்டைக் கட்டில் ஒரு அட்டையை நான்கு வைத்தால், தொடக்கக் கையில் வரும் ஏழு அட்டைகளில் அது ஒன்றாவது இருக்க 40 சதவீத வாய்ப்பு உண்டு. கமாண்டரில் தலைவன் போக மீதி 99. அதில் ஒரே ஒரு அட்டை ஏழுக்குள் வர 7 சதவீத வாய்ப்புதான். அதாவது, பிடித்த அட்டை வரும் என்று நம்பி உட்கார முடியாது. பழைய 40 சதவீதம் வேண்டுமென்றால் அதே வேலையைச் செய்யும் வேறு வேறு அட்டைகள் ஏழு வேண்டும். நிலம் தேடித் தருவது, எதிரியின் உயிரினத்தை அழிப்பது, கைக்குப் புது அட்டை தருவது என்று வேலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு எட்டு ஆட்களைத் தேட வேண்டும். முதல் இரண்டு எல்லோருக்கும் தெரிந்த அட்டைகள். நான்காவதிலிருந்து பழைய பெட்டிகளைக் கிளற வேண்டியிருக்கும். ஆறாவதும் ஏழாவதும் யாரும் சீண்டாத, விலையில்லாத அட்டைகளாக இருக்கும். பாக்கெட் பிரித்ததும் ஒதுக்கிப் போட்ட அட்டைக்கு இந்த ஆட்டத்தில் இடம் கிடைத்தது இப்படித்தான்.

மேசையில் நால்வர் உட்கார்ந்தால் கணக்கு இன்னும் மாறும். ‘லைட்னிங் போல்ட்’ ஒரே மானாவில் மூன்று புள்ளி சேதம் தரும். இருவர் ஆட்டத்தில் எதிரியின் 20-இல் மூன்று போவது பெரிய அடி. நால்வர் மேசையில் எதிரில் மூவர், அவர்களின் உயிர் மொத்தம் 120. அதில் மூன்று எந்த மூலைக்கு? அது மட்டுமில்லை. நான் ஓர் அட்டை செலவழித்து ஒருவரின் ஓர் அட்டையை அழித்தால் எங்கள் இருவருக்கும் நஷ்டம், சும்மா இருந்த மற்ற இருவருக்கும் லாபம். இருவர் ஆட்டத்தில் கற்ற சிக்கனம் இங்கே நம்மையே கவிழ்க்கும். லெஜண்ட்ஸ் தொகுப்பிலேயே ‘சைஃபன் சோல்’ என்றொரு சாதாரண அட்டை உண்டு. மூன்று மானா, மற்ற ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு புள்ளி சேதம், அவ்வளவு சேதமும் நமக்கு உயிராகச் சேரும். இருவர் மேசையில் அதை யாரும் மதிக்க மாட்டார்கள். நால்வர் மேசையில் ஆறு புள்ளி சேதம், ஆறு புள்ளி வரவு. ஆட்கள் கூடினால் அட்டையின் மதிப்பே மாறுகிறது.

இவ்வளவும் அலாஸ்காவின் ஒரு மூலையிலேயே முடிந்துபோயிருக்கலாம். வெளியே கொண்டுவந்தவர் ஷெல்டன் மெனரி. அமெரிக்க விமானப் படையில் இருந்தவர், அலாஸ்காவில் பணியாற்றியபோது இதைக் கற்றார். மேஜிக் போட்டிகளின் நடுவர்களிலும் மிக உயர்ந்த நிலையை எட்டியவர். பணி மாறிப் போன இடத்துக்கு ஆட்டத்தையும் எடுத்துப் போனார், விதிகளைச் சீராக்கினார், 2004-இல் அதைப் பற்றி எழுதினார். பெரிய போட்டிகளுக்கு வரும் நடுவர்கள் பகலெல்லாம் அடுத்தவர் ஆட்டத்துக்கு நியாயம் சொல்லிவிட்டு, இரவில் அவரோடு இதை ஆடினார்கள். பிறகு அவரவர் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். பரிசுப் பணத்துக்காக நடக்கும் போட்டிகளின் ஓரத்திலேயே, பரிசே இல்லாத ஆட்டம் ஊர் ஊராகப் பரவியது.

மெனரியிடம் நான் மதிப்பது அவர் வகுத்த தடைகளைவிட, தடையைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணத்தை. அவரும் நண்பர்களும் அமைத்த விதிக் குழு தடைப் பட்டியலைச் சுருக்கமாகவே வைத்திருந்தது. அதற்கும் மேலே ஒரு விதி இருந்தது, ஆட்டக்காரர்கள் அதை விதி பூஜ்யம் என்பார்கள்: மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் எந்த விதியையும் மாற்றிக்கொள்ளலாம். ஃபுளோரிடாவின் டாம்பாவில் அவர் முன்னின்று நடத்திய ஆட்டங்களில் வெற்றிக்கு மட்டும் புள்ளி கொடுக்கவில்லை. மேசைக்குச் சுவை கூட்டும் செயல்களுக்கும் புள்ளி உண்டு, மற்றவர்களை ஆடவிடாமல் சுருட்டிக்கொண்டு போகிறவருக்குப் புள்ளி குறைப்பும் உண்டு. எதைச் செய்யக் கூடாது என்ற பட்டியலோடு நிற்காமல், எப்படி ஆட ஆசைப்படுகிறோம் என்று பேசிக்கொள்ளும் வழக்கத்தை அவர் வளர்த்தார்.

2011 ஜூனில் வெளியீட்டு நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இந்த வகையைக் கையிலெடுத்தது. கமாண்டர் என்று பெயரிட்டு 100 அட்டை கொண்ட ஐந்து கட்டுகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘பொலிட்டிகல் பப்பட்ஸ்’. ‘வாவ்’ என்று பெயர் தொடங்கும் அட்டைகள் அப்போது வந்தன. அவற்றில் ஒன்றை எதிரியின் உயிரினத்தின் மேல் வைத்தால் உயிரினம் வலுக்கூடும், ஆனால் வைத்தவரைத் தாக்க முடியாது. என்னை விட்டு அடுத்தவனை அடி என்று லஞ்சம் கொடுப்பது போன்ற அட்டை. பலர் ஆடும் மேசையை மனதில் வைத்தே அட்டைகள் தயாராகத் தொடங்கின. ஆனந்தமாக இருந்தது. கூடவே ஒன்று நழுவியதையும் சொல்ல வேண்டும். பழைய பெட்டிகளில் தேடிக் கண்டெடுத்த இடத்துக்கு, அந்த வேலைக்கென்றே செய்த அட்டைகள் கடையிலிருந்து வந்தன. எல்லோர் கட்டிலும் அதே அட்டைகள் சேர ஆரம்பித்தன. எந்த மேசைக்குப் போனாலும் ‘சோல் ரிங்’ இருக்கும். ஒரு மானா கொடுத்து இறக்கினால் அதே சுற்றிலிருந்து இரண்டிரண்டாகத் திருப்பித் தரும் அட்டை அது. ஒன்றுக்கு மேல் கூடாது என்ற தடையால் வந்த பன்மை, எல்லோரும் அந்த ஒன்றை வைப்பதால் மங்கிவிடுகிறது.

அதனால்தான் ஆட்டக்காரர்கள் மேலும் மேலும் புதுத் தடைகளைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். எளிதில் கிடைக்கும் சாதாரண ரக அட்டைகளை மட்டும் அனுமதிக்கும் பாப்பர் வகை கணினியிலும் கூடங்களிலும் ஆடியவர்களால் வளர்ந்து, 2019-இல் காகித அட்டைக்கும் அதிகாரபூர்வ வகையானது. அதைக் கமாண்டரோடு இணைத்துச் சாதாரண அட்டைகள் 99 வைத்து ஆடுபவர்களும் இருக்கிறார்கள். 250 அட்டைக்குக் குறையாமல் ஐந்து நிறத்தையும் ஒரே கட்டில் கட்டாயமாக்கிய வகை ஒன்று இருந்தது. டைப் 4 என்ற வகையில் மானாவுக்கு எல்லையே இல்லை, சுற்றுக்கு ஒரு மந்திரம்தான் என்பது மட்டும் தடை. எல்லோரும் ஒரே பொது அடுக்கிலிருந்து எடுத்து ஆடுவார்கள். வேண்டிய அளவு சக்தி கையில் இருக்கும்போது ஒரே ஒரு வாய்ப்பை எப்போது செலவழிப்பது என்ற கேள்வி அந்த மேசையில் எல்லோரையும் வாட்டும்.

இன்னொரு வகைத் தடைக்கும் வலிமைக்கும் சம்பந்தமே இல்லை. அட்டை ஓவியத்தில் இடப்பக்கம் பார்க்கும் பெண் இருக்க வேண்டும், நாற்காலி இருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டு தொகுப்பவர்கள் உண்டு. நான் தொகுத்தது ஒரே ஓவியரின் கட்டு. சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசை இருக்கிறது. அலுவலகம் விட்டு வந்து நாங்கள் நால்வர் அங்கே ஆடுவோம். மூவரின் கட்டும் என் கட்டும் வர வர ஒரே முகமாகிக்கொண்டிருந்தபோது, ரெபெக்கா கே வரைந்த அட்டைகள் மட்டும் என்று எனக்கு நானே எல்லை போட்டுக்கொண்டேன். நீர்வண்ணத்தில் கரைந்து நிற்கும் முகங்கள், கொடிபோல் சுருளும் கூந்தல், பழுத்த இலையின் நிறங்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே என்னை இந்த ஆட்டத்தில் கட்டிப்போட்டவை அவருடைய படங்கள்தான்.

அட்டையின் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. ஒரே அட்டை பல தொகுப்புகளில் வேறு வேறு ஓவியத்தோடு அச்சாகும். ‘உட் எல்வ்ஸ்’ எத்தனையோ முறை வந்திருக்கிறது. எனக்கு வேண்டியது அவர் வரைந்த அச்சு. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஓவியர் பெயரைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ‘என்சாண்ட்ரெஸஸ் பிரெசன்ஸ்’ கிடைத்தது. கறுப்புக்கு ‘பிட்டர்பிளாசம்’ கிடைத்தது. சுற்றுக்கு ஒரு புள்ளி உயிரைப் பறித்துக்கொண்டு ஒரு சிறு தேவதையைத் தரும் அட்டை அது. சோல் ரிங்குக்கு என் எல்லைக்குள் இடமில்லை. கட்டு மெதுவாகத்தான் நகர்கிறது, பெரும்பாலும் தோற்கிறது. ஆனால் மேசையில் அதை இறக்கிய முதல் நாளிலேயே மற்ற மூவரும் அட்டைகளைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அடுத்த மாதமே ஒருவர் 1990-களின் அட்டைகள் மட்டும் என்று தொகுத்துக்கொண்டு வந்தார், இன்னொருவர் தமக்குப் பாக்கெட்டில் விழுந்தவை மட்டும் என்றார். கார்ஃபீல்ட் எதிர்பார்த்த ஆட்டம் எங்கள் கல் மேசைக்கு அன்று வந்து சேர்ந்தது. யார் கையில் என்ன இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஆட்டம்.

மெனரி 2023 செப்டம்பரில் புற்றுநோயால் காலமானார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று விதிக் குழு நான்கு அட்டைகளைத் தடை செய்தது. மானா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், ‘நாடு’ என்பவை அவை. முதல் மூன்றும் தொடக்கச் சுற்றுகளிலேயே மானாவைக் கொட்டி ஆட்டத்தை ஒருபக்கம் சாய்ப்பவை, விலையும் அப்போது அதிகம். அவற்றை வாங்கி வைத்திருந்தவர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. ஊதியமின்றி உழைத்த குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரே வாரத்தில், செப்டம்பர் 30 அன்று, இந்த வகையின் நிர்வாகம் விசார்ட்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் கட்டுகளை வலிமைவாரியாக ஐந்து படிகளாகப் பிரிக்கும் முறையை முன்வைத்தது. வெற்றியைவிடக் கருப்பொருளுக்காகத் தொகுத்த கட்டுகளுக்கு முதல் படி.

அந்தச் செப்டம்பர் எனக்கு இன்றும் வலிக்கிறது. விளையாட்டுக்காக ஒருவரை மிரட்டியவர்கள் செய்தது குற்றம். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. அதைத் தாண்டியும் ஒரு பாடம் இருக்கிறது. தடையை நண்பர்கள் கூடிப் பேசிப் போட்டபோது யாரும் கோபப்படவில்லை, மறுபடி பேசி மாற்றினார்கள். அட்டை சொத்தாக மாறிய பிறகு, தடை என்றால் பறிமுதல் என்று தோன்றத் தொடங்கியது. ஐந்து படி முறையை நான் குறை சொல்லவில்லை. அறிமுகமில்லாத நால்வர் கடையில் சந்தித்தால் பேச்சைத் தொடங்க அது உதவும். ஆனால் எந்த நிறுவனத்தின் படியும், எந்தக் குழுவின் பட்டியலும், ஒரு மேசைக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு ஈடாகாது. அலாஸ்காவில் அந்த நண்பர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தங்களிடம் இருந்த, போட்டிக்கு உதவாத ஐந்து டிராகன்களை எப்படி ஆட வைப்பது என்று மட்டும் கேட்டார்கள்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அட்டைப் பெட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நான்கு பேரைக் கூப்பிடுங்கள். இந்த மாதம் என்ன தடை என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள். ஒரே ஆண்டில் அச்சான அட்டைகளா, ஒரே ஓவியரா, சாதாரண அட்டைகள் மட்டுமா, உங்கள் விருப்பம். ஒப்புக்கொண்டதைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். அடுத்த மாதம் வேறு தடை போடுங்கள்.